ஆட்சேபணையோடு திரும்பிய தாடை

பிறர் அனுப்பிய கோப்புகளை ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் அரசு அலுவலகத்தில் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுபெற்ற பின் என் தாடையே அப்படித் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

எனக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு. அது தெரியவந்தபோது எலும்புகள் வளர்ந்து முடிந்திருந்தன. உயரம் கூடுவதற்கு இனி ஊசி போட்டும் பயனில்லை. நாலடிக்குச் சற்று மேல் நின்றுவிட்டேன். பற்கள் தாமதமாக முளைத்து, சிறிய தாடையில் இடமின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பிரஷ் நுழையாத இடுக்குகளில் சொத்தை நுழைந்தது. கடைசிப் பல்லையும் பிடுங்கியபின் மாதக்கணக்கில் குழைந்த சோறும் ரசமும்தான். மொறுமொறுவென்று வறுத்த நெத்திலியைக் கடித்துத் தின்ன வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

காரைக்காலில் பல் மருத்துவர், அளவெடுக்கும் தட்டை என் வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். முடியவில்லை. பிள்ளைகளுக்கான தட்டில் அச்செடுத்து, பல்செட் செய்ய மயிலாடுதுறை லேபுக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது அவர் முகம் சரியில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். லேப்ல திருப்பி அனுப்பிட்டாங்க. யாரோ பிள்ளையோட அச்சு மாறி வந்துடுச்சாம்."

"வயசு எழுதலையா?"

"எழுதினேன் சார். அதுவும் தப்புன்னு நெனச்சுட்டாங்க."

முறைப்படி அடுத்தது விளக்கம், பிறகு நினைவூட்டல், மறு நினைவூட்டல். என் வயிற்றுக்கு அந்தப் பொறுமை இல்லை. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

லேபில் இருந்தவர் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி? அப்பா வரலையா?"

தொப்பியைக் கழற்றி நரைத்த தலையைக் காட்டினேன்.

"அச்சு மாறி வந்துச்சே, அந்தப் பிள்ளை நான்தாங்க."

அவர் எழுந்துவிட்டார். "உக்காருங்கய்யா." வாயைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். "இருக்கறதுல சின்ன சைஸ் பல்லு வச்சாலும் வரிசை நீளுது. ரெண்டு பக்கமும் கடைசிப் பல்லை விட்டுடவா?"

"இடம் பத்தாமத்தான் சொந்தப் பல்லே போச்சு. விட்டுடுங்க."

செட் வந்த அன்று மனைவி நெத்திலி வறுத்தாள். நம்பிக்கை இல்லாமல், குழைந்த சோற்றையும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"கடிபடுதாங்க?"

"வலிக்குது."

"அப்ப ரசம் ஊத்தட்டா?"

"இன்னும் நாலு நெத்திலி வை."