எஸ்தர் ஓட்டிய முதல் ஷோ

போன வாரம் திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரெல்லாம் 'முதல் பெண்மணிகள்' சார்ட். விண்வெளிக்குப் போனவர், மரத்தைக் கட்டிக்கொண்டு காட்டைக் காப்பாற்றியவர், சினிமா எடுத்தவர்...

எட்டாம் வகுப்புச் சுட்டி ஒருத்தி எழுந்தாள். "நீங்க நேர்ல பாத்த முதல் பெண்மணி யாருங்க மேடம்?"

யோசிக்கவே இல்லை. எஸ்தர் என்றேன். யாரென்று விழிக்கிறீர்களா? அவர்களும் அப்படித்தான் விழித்தார்கள்.

எஸ்தர் என் கிளாஸ்மேட். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் தியேட்டரில் லேடீஸ் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தாள். ஓய்ந்த நேரத்தில் மாடியேறி புரொஜெக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டாள்! ஆனால் முதலாளி — ஊருக்கே அவர் நைனா — மசியவில்லை. இருந்த ஆபரேட்டர் திடீரென்று வேலையை விட்டுப் போனபிறகுதான் இறங்கி வந்தார்.

"இன்னிக்கி ஒரு ஷோ ஓட்டு. நடுவுல படம் நின்னு ஒரே ஒரு விசில் வந்தாலும் நீ மறுபடி கவுண்டர்தான்."

அந்த ஷோவுக்கு நானும் போயிருந்தேன். பக்கத்து சீட்டில் எஸ்தரின் அம்மா. சினிமா பாவம் என்று தியேட்டர் வாசலையே மிதிக்காதவர், மகளுக்காக வந்து, கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஒரு சீன்கூடப் பார்க்கவில்லை.

ஜெபம் பலிக்கவில்லை. பாட்டு நடுவில் ஃபிலிம் அறுந்தது. லைட் எரிந்தது. படம் நின்றால் ஆபரேட்டரின் அம்மாவை இழுப்பதுதானே நம் பண்பாடு?

"டேய் ஆபரேட்டரு, தூங்கிகினு கீறியா? உங்கம்மாவ இட்டுகினு வாடா!"

விசிலுக்காக தியேட்டர் முழுக்க விரல்கள் உதட்டுக்குப் போய்விட்டன. அப்போது பக்கத்தில் எஸ்தரின் அம்மா எழுந்து நின்றார்.

"ஆங்... நான்தாம்பா அவங்கம்மா. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா... சும்மா" என்று கத்திய ஆள் சீட்டுக்குள் புதைந்தார். போட்ட விரல்கள் எல்லாம் இறங்கின.

மேலே எஸ்தர் ஃபிலிமை ஒட்டிவிட்டாள். லைட் அணைந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு!

அடுத்த நொடி காதைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில். ஐயோ, போச்சு... எந்தப் பாவி என்று திரும்பினால், வாயில் இரண்டு விரலோடு எஸ்தரின் அம்மா.

ஷோ முடிந்ததும் நைனா வாசலில் நின்றார். "விசில் வந்துச்சே, எஸ்தரு?"

"அது எங்கம்மா, நைனா."

"ஆடு மேய்ச்சப்போ கத்துகினதுங்க" என்றார் அம்மா, ரொம்பப் பணிவாக.

நைனா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எஸ்தரு, நாளைக்கி மேட்னிக்கு சீக்கிரம் வந்துடு. கவுண்டருக்கு இல்ல, மாடிக்கு. அம்மாவையும் இட்டுகினு வா. டிக்கெட் வாணாம்."

எனக்கு ஒரு சந்தேகம். சார்ட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கீழே ஒருத்தி விசிலடித்திருப்பாள் இல்லையா? அவள் படத்தை ஏன் யாரும் ஒட்டுவதில்லை?

பள்ளியில் நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் அந்தச் சுட்டி இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள்... ஹெச்.எம். முறைத்தது என்னைத்தான்.