பிளவுஸ் கைக்காகப் படுத்த பெஞ்ச்

தம்பியின் கல்யாணத்துக்குத் தைத்த பிளவுஸ் கையில் ஏறவில்லை. மேல்கையின் பின்பக்கச் சதை குறையுமென்று நம்பி, பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக் கம்பியைக் கைகளை நெருக்கிப் பிடித்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ் பழகினேன். தமிழர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கொலோன் நகரில் ஆற்றின் மறுகரையில் உள்ள ஒரு ஜிம்முக்குப் போனேன்.

ஒருநாள் மிகவும் நெருக்கிப் பிடித்ததில் மணிக்கட்டு மடங்கி, கம்பி நெஞ்சில் இறங்கிவிட்டது. வாயில் ஜெர்மன் வரவில்லை. "ஐயோ அம்மா!" என்று கத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்!" பக்கத்தில் பயிற்சி செய்த பெண் ஓடிவந்து கம்பியைத் தூக்கினாள். அவளும் தமிழர் கண்ணில் படாத ஜிம் தேடி வந்தவளாம்!

இப்போது அவள் தலைமாட்டில் நிற்காமல் நான் பெஞ்சில் படுப்பதில்லை. தோள் அகலத்துக்குத்தான் கம்பியைப் பிடிக்கிறேன். கை மெலியவில்லை, நன்றாகத் திரண்டுவிட்டது. கல்யாணத்தன்று பிளவுஸின் தையலைப் பிரித்துத்தான் போட்டேன்.

– சுகந்தி, கொலோன்