கருப்பராயன் திருப்பி அனுப்பிய மாப்பிள்ளை

ஊர் ஆடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை வளர்க்கிற தொழில் என்னுடையது. தொண்ணூறுகளில், தொண்டாமுத்தூர்ப் பக்கம், பால் வர்க்கத்துக் கிடாய் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்துப் பெட்டை ஆடுகளைச் சினைப்படுத்திக் கொடுத்து வந்தேன். கிடாய் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் தெரிந்ததுதான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

வந்த காரியம்

பொம்பளை ஆள் கிடாய் வைத்திருந்தால் ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு வராது. ஒரு பெரியவர் ஆட்டை வேலியில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார், தென்னையைப் பற்றிப் பேசினார், பக்கத்துத் தோட்டத்தில் யானை இறங்கியதைப் பற்றிப் பேசினார். நான் கொடுத்த மோரையும் குடித்தார். வெளியே அந்த ஆடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஆட்டுக்குத்தான் ஒரு சோலிங்க."

தாய் வழி

எல்லாரும் கிடாயின் கொம்பையும் உயரத்தையும்தான் பார்ப்பார்கள். நான் அவன் தாய் செவலையைக் காட்டுவேன். இரண்டு வேளையும் சொம்பு நிறையக் கறந்தவள், ஈத்துக்கு ஈத்து இரட்டைக்குட்டி போட்டவள். அந்தக் குணம் இவன் மூலமாக உங்கள் ஆடு போடும் பெட்டைக்குட்டிக்கு இறங்கும் என்று எடுத்துச் சொல்வேன்.

அதோடு விடமாட்டேன். கொண்டுவந்த ஆட்டின் தாய் எப்படிக் கறந்தாள், தட்டாமல் சினை பிடித்தாளா என்றும் குடைவேன். ஒரு தோட்டக்காரர் பதில் சொல்லியே களைத்துப்போனார். "பையனுக்குப் பொண்ணு பாத்தப்பகூட நாங்க இத்தனை கேக்கலீங்க."

டீச்சர் சேலை

பருவத்தில் கிடாய் தன் தாடியைத் தானே மூத்திரத்தில் நனைத்துக்கொள்ளும். பெட்டைக்கு அது அத்தர், நமக்குக் குடலைப் புரட்டும். பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர், நோஞ்சானாக இருந்த தன் குழந்தையின் பாலுக்காக ஓர் ஆடு வைத்திருந்தார். அதை ஓட்டி வந்த அன்று கிடாய் அவர் சேலையில் உரசிவிட்டது. மாற்ற நேரமில்லாமல் அப்படியே பஸ்ஸேறிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லையாம். அடுத்த முறை வந்தபோது வேலியோரமே நின்றுவிட்டார். "பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றது தெரியுமல்லங்க, மாப்பிள்ளையை ஒருக்காக் குளிக்க வெச்சிருக்கலாமுங்க."

வேண்டுதல்

எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து தினமும் மோட்டார்த் தண்ணீரில் அவனைக் குளிப்பாட்டினேன். முதலில் உதறி உதறி என்னையும் நனைத்தான். போகப் போகச் சுகம் கண்டு, கண்ணை மூடி நிற்கப் பழகினான்.

அந்தச் சமயம்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பீளமேட்டு மில், நெடுநாள் பூட்டிக் கிடந்து திறந்தது. திறந்தால் நல்ல கிடாயாக வெட்டுகிறேன் என்று அவர் எங்கள் காவல்தெய்வம் கருப்பராயனிடம் வேண்டியிருந்தார். நல்ல கிடாய் என்றால் இவன்தான். எங்கள் பக்கம் எப்போதும் இதே கதை. உருப்படியான கிடாய் கோயிலுக்குப் போகும், கழித்துக்கட்டியது பட்டியில் நின்று வம்சம் வளர்க்கும். அப்புறம் பால் எங்கிருந்து பெருகும்?

செவலைக்கு வயதாகி ஈத்து நின்றுபோயிருந்தது. இவன் அவளுடைய கடைசிக் குட்டி. இவனுக்குப் பிறந்த பெட்டைகள் அப்போதுதான் துள்ளிக்கொண்டு திரிந்தன, ஒன்றும் கறவைக்கு வரவில்லை. இவனும் போனால் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வர்க்கம் அத்தோடு நின்றுவிடும். வேறு கிடாய் கொடுக்கலாம் என்று அழுதேன். அவருக்கும் கண் கலங்கியது. "நல்லதைத் தர்றேன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டு, ரெண்டாந்தரத்தை ஓட்டிட்டுப் போய் எப்படிப் புள்ள நிக்கிறது?"

மஞ்சள் தண்ணீர்

கோயிலில் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாத கிடாயை வெட்டக் கூடாது. பூசாரி ஊற்றினார். இவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி ஊற்றினார். தேய்த்துவிடச் சொல்லிக் கழுத்தைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பின்னால் மற்றவர்கள் கிடாய்களோடு காத்திருந்தார்கள். சாமிக்கு இது வேண்டாமாம், வேறொன்றைக் கொண்டுவாருங்கள் என்று பூசாரி கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டு எழுந்து, அடுத்த வாரமே கொழுத்த கிடாய் ஒன்றை வாங்கிப் போய் வேண்டுதலைத் தீர்த்தார். நான் கருப்பராயனோடு டீச்சரையும் சேர்த்துக் கும்பிட்டேன். கிடாயைத் திரும்ப ஓட்டி வந்த அன்று வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தோட்டத்து மோட்டாரைப் பார்த்ததும் நின்று சொன்னார். "கருப்பராயனுக்கு எல்லாம் தெரியும் புள்ள. நீ தெனமும் தண்ணி ஊத்துனதும் தெரிஞ்சுதான் இருக்கும்."

பிற்பாடு டீச்சர் வீட்டில் இவன் மகள் தலையீத்திலேயே இரட்டை போட்டு, குழந்தை குடித்தது போக ஒரு சொம்பு பால் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பால் வர்க்கத்தை எப்படி உண்டாக்கினீர்கள் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், பொறுக்கி எடுத்தது பாதி, குளிப்பாட்டியது பாதி என்றுதான் சொல்கிறேன்.