மேட்டுத் தெரு ஏறிய குட்டிக் கார்

தையல்கடை அக்கா ஐம்பது வயதில் தன்னைவிட மூத்த குட்டிக் கார் ஒன்றை வாங்கினாள்.

"இந்தத் தகர டப்பாவ வாசல்ல நிறுத்துனா மானம் போயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார் கணவர்.

அவளோ இரண்டு வருடம் ஞாயிறுதோறும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். கிழிந்த சீட்டுகளுக்குத் தானே நீல உறை தைத்தாள்.

ஒரு நாள் காலை கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊரிலேயே செங்குத்தான மேட்டுத் தெருவில் வண்டியை ஏற்றினாள். பாதியில் இன்ஜின் இருமியது.

"நான் சொன்னேன்ல?" என்றார் கணவர்.

அவள் முதல் கியருக்கு மாற்றி நிதானமாக மிதித்தாள். வண்டி முக்கி முனகி உச்சிக்கே வந்துவிட்டது. மாடிகளில் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

கணவர் இறங்கவே இல்லை. "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார்.

அக்காவுக்கு முகமெல்லாம் பல்.