அலை இல்லாத கரை

புனேயிலிருந்து கடலுக்குப் போவது பெரிய காரியம் இல்லை. நான்கைந்து மணி நேரம் காரை ஓட்டினால் கொங்கண் கரை வந்துவிடும். ஔந்த் பகுதியில் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மறுநாள் மாலை முகம் கறுத்துத் திரும்புவார்கள். நாங்கள் மட்டும் பதினான்கு வருடங்களில் ஒருமுறைகூடப் போனதில்லை. விடுமுறை என்றால் எங்களுக்கு மலைதான்.

என் மனைவி நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் பிறந்தவள். அவளுடைய அக்கா சுனாமியில் இறந்துபோனார். கல்யாணப் பேச்சின்போது மாமனார் அதை ஒரே வரியில் சொன்னார். அதற்கு மேல் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கு நோகும் என்று நினைத்தேன். அப்படிக் கேட்காமல் இருப்பதை என்னுடைய நல்ல குணம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளி விடுமுறைக்கு முன்பு எங்கள் மகள் பேச்சை எடுத்தாள். அவளுக்குப் பதினோரு வயது. பிறந்தது முதல் புனே. கடல் என்ற சொல்கூட இந்தியில்தான் முதலில் வாயில் வரும்.

"என் கிளாஸ்ல எல்லாரும் சமுந்தர் பாத்திருக்காங்க. நான் மட்டும்தான் பாக்கல."

நான் வழக்கம்போல ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "கூட்டிட்டுப் போலாங்க. எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருக்கறது?"

அந்தமானில் ஒரு சிறு தீவு என்று மகள் முடிவுசெய்தாள். எந்தக் கரை என்பதுதான் தீரவில்லை. அந்தச் சின்னத் தீவில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மாதிரி. மேற்கே நீண்ட வெள்ளை மணல், பெரிய அலைகள். வடக்கே ஒரு கரைக்குப் படகில்தான் போக முடியும். கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் பார்க்கலாம். கிழக்கே பவளப்பாறை தடுத்து நிற்பதால் அலையே கிடையாது. நீர் இறங்கும் நேரத்தில் வெகுதூரம் நடந்தே போகலாம். மகள் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினாள். அவளுக்கு மேற்குக் கரை பிடித்திருந்தது.

"அம்மாகிட்ட கேளு" என்றேன்.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. நான் மரத்தடியில உக்காந்துக்கறேன்" என்றாள் மனைவி.

நான் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தேன். அலை இல்லை, ஆழம் இல்லை, சத்தம் இல்லை. கடலுக்குப் பயப்படுகிற ஒருத்திக்கு இதைவிட நல்ல கரை அமையாது என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் அந்தக் கரையைப் பற்றி நான்கைந்து நாட்கள் படித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீவில் எங்களுக்கு வாய்த்த ஆட்டோக்காரர் தமிழர். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காலை ஒன்பது மணிக்குத் தென்னந்தோப்பின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க சார். தண்ணி வத்திக் கெடக்குது. மத்தியானம் வரைக்கும் பாப்பா நல்லா வெளையாடலாம்."

தோப்பைத் தாண்டியதும் கடல் இல்லை. கறுத்த பாறைத் தரை கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. ஆங்காங்கே குட்டைகளில் தண்ணீர் மினுங்கியது. தொலைவில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. மகள் கண்ணாடி மீன்தொட்டிக்குள் இறங்குவதுபோல மெதுவாக முதல் அடி வைத்தாள், பிறகு ஓடினாள். சங்குகளைப் பொறுக்கியபடி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள். திரும்பி நின்று, "அம்மா, இங்க வாங்க" என்று கையை ஆட்டினாள்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி இல்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அவள் பாறைகளின் மேல் நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. வழுக்கி ஒரு முறை விழுந்து, எழுந்து மறுபடியும் நடந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

"கை வலிக்குதும்மா" என்று குழந்தை அழுதது அவள் காதில் விழவில்லை. கரை ஏறி, தோப்பைக் கடந்து, தார் சாலை வந்த பிறகுதான் கையை விட்டாள். அவளுடைய முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

சாலையோர மரத்தடியில் உட்கார்ந்து அவள் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளிடம் சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மொதல்ல ஒரு அலை தெருவரைக்கும் வந்துட்டுப் போச்சு. அப்புறம் கடல் உள்வாங்கிடுச்சு. இதே மாதிரிதான். நாங்க பாக்காத பாறையெல்லாம் தெரிஞ்சுது. மீன் துள்ளிக்கிட்டு கெடந்துச்சு. அக்கா இறங்கிப் போய்ட்டா. 'வாடி, வாடி'ன்னு கூப்பிட்டா. நான் போகல. புதுப் பாவாடை. சேறாயிடும்னு போகல."

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். "திரும்பி வாக்கான்னு நான் கூப்பிட்டிருக்கலாம். நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அழகா இருந்துச்சு."

மூன்றாம் நாள் அக்காவை மாமனார் அடையாளம் கண்டார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஒரே வீட்டில் பதினான்கு வருடம் இருந்திருக்கிறேன். உலகத்தில் இருக்கிற கரைகளில் எது இவளுக்கு ஆகாதோ, அதையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். தன் கைக்குட்டையை நனைத்து அம்மாவின் முழங்காலைத் துடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பெரியம்மாக்கு... எவ்ளோ வயசு?"

பெரியம்மா என்று எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். "பத்தொம்பது" என்றாள். "எனக்குப் பதினேழு."

அறைக்குத் திரும்பியதும், ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றேன். அவள் படுத்திருந்தபடியே தலையை அசைத்தாள்.

"வேணாம். நாளைக்கு அந்த மேற்குப் பக்கம் போலாம்."

"அங்க அலை ரொம்பப் பெரிசா இருக்கும்."

"இருக்கட்டும். கடல் கண்ணு முன்னாடி இருந்தா எனக்குப் பயமில்லங்க. காணாமப் போனாத்தான் பயம்."

மறுநாள் போனோம். பெரிய அலைகள்தான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தாள். மனைவி வெகுநேரம் மணலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, நுரை பாதத்தைத் தொடும் இடத்தில் நின்றாள். அதற்கு மேல் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு அலை திரும்பும்போதும் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஜெபம் செய்கிறாளா, அலையை எண்ணுகிறாளா, அக்காவோடு பேசுகிறாளா என்று தெரியவில்லை. வெயில் சாயும் வரை அப்படியே நின்றாள்.

புனேக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்ததும் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் இப்போது திருச்சியில் இருக்கிறார். நான் ஹாலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் மழை, முழங்கால், மருந்து என்று எப்போதும் பேசுகிற பேச்சு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, அக்காவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றாள்.

அவள் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "சொல்லும்மா" என்றாள். "நான் கேக்கறேன்."