மனைவியின் வயிற்றில் மணல் பந்து

கடிகாரம் பழுது பார்ப்பவரை அந்தத் தெருவில் எல்லாரும் 'முள்ளு' என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி தொழிலை வைத்து, பாதி உடம்பை வைத்து. காற்று பலமாக அடிக்கும் நாளில் சுவரோரமாக நடக்கும் ஆசாமி அவர்.

அவர் மனைவி குத்துச்சண்டைக்காரி. பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டினாள். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் பயிற்சிக் கூடத்துக்குப் போவாள். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோளும் கையும் உரமேறியிருந்தன. அப்படியும் போன போட்டியில் தோற்றுவிட்டாள். கூடத்தை நடத்தும் கோச்சம்மா காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உன் கை வெறும் தபால்காரன்தாம்மா. கடுதாசி எழுதறது காலும் இடுப்பும். நீ நாள் பூரா வேன்ல உக்காந்திருக்க. அங்க எழுத ஆளே இல்ல."

அன்றிலிருந்து குத்துவது குறைந்தது, தூக்குவது கூடியது. இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, பலகை வண்டியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டி இழுப்பது என்று ஆரம்பித்தாள். மணல் அடைத்த தோல் பந்து ஒன்றும் உண்டு. அவள் மல்லாந்து படுத்துக்கொள்ள, ஒருவர் நின்றபடி அதை அவள் வயிற்றில் போட வேண்டும். குத்து வாங்க வயிறு பழக வேண்டுமே. பந்து போட்டுக்கொண்டிருந்த தோழிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

"வீட்டுல ஒருத்தர் சும்மாதானே இருக்காரு" என்றாள் மனைவி.

முள்ளு ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது? மத்தியானம் கடைக் கதவில் 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுக் கிளம்பினார்.

முதல் நாள் பந்தை மார்போடு அணைத்துத் தூக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவியின் மேல் குனிந்து, அவள் வயிற்றில் அதைப் பதமாக வைத்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"சார், பந்தைப் போடச் சொன்னேன். தூங்கற குழந்தையத் தொட்டில்ல விடச் சொல்லல" என்றாள் கோச்சம்மா.

"கட்டின பொண்டாட்டி மேடம்."

கீழே படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "என்னங்க, வேணும்னா இடத்த மாத்திக்கலாமா? நீங்க படுங்க, நான் போடறேன்."

அடுத்த தடவை பந்து விழ வேண்டிய மாதிரி விழுந்தது.

மறுநாள் கடையில் அவர் கை நடுங்கியது. இடுக்கியில் பிடித்திருந்த கடுகளவு திருகாணி துள்ளிக் குதித்து எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. தேடிக் களைத்த வயதான வாடிக்கையாளர், "எனக்குத்தான் இந்த நடுக்கம்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி" என்று ஆறுதல் சொன்னார். வீட்டில் அம்மா அவர் தோளில் எண்ணெய் தேய்த்தபடி, "பொண்ணுக்கு என்ன தெரியும்னு நாம கேட்டோம். மாப்பிள்ளை எவ்வளவு தூக்குவாருன்னு அவங்க கேக்காம விட்டாங்களே, நல்லவங்கடா" என்றாள்.

ஆனாலும் முள்ளு விடவில்லை. நுணுக்கமான வேலையைக் காலையிலேயே முடித்து, பட்டை மாட்டுவதையும் பேட்டரி போடுவதையும் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொண்டார். வருஷக்கணக்காக அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய கடையில், ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு தனியே குந்தியிருந்த மனிதருக்கு, மனைவியோடு சேர்ந்து வியர்ப்பது பிடித்துப்போயிற்று. பலகை வண்டியில் பாரமாக அவரையே உட்கார வைத்தார்கள். பாரம் போதவில்லை என்று மடியில் இரும்புத் தட்டுகளையும் அடுக்கினார்கள். அதற்கும் அவர் வருத்தப்படவில்லை; மனைவி இழுக்க, ஊர்வலம் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்களில் அவர் சட்டை தோளில் பிடிக்க ஆரம்பித்தது. உடனே ஆளுக்கு நடை மாறியது, பேச்சும் மாறியது. பட்டை மாற்ற வந்தவரிடம், "கையால தூக்காதீங்க சார், இடுப்புல இருந்து தூக்கணும்" என்றார். வந்தவர் கையில் இருந்தது குடை. வீட்டில் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டார். "யாரைடா தேடற?" என்றாள் அம்மா.

போட்டி நாள் வந்தது. முள்ளு முதல் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றில் எதிராளியின் குத்து ஒன்று அவர் மனைவியின் வயிற்றில் இறங்கியது. அவள் அசையவில்லை. பின்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி ஒரே ஒரு குத்து விட்டாள்; எதிராளி கயிற்றில் போய்ச் சாய்ந்தாள். மயிரிழையில்தான் என்றாலும் நடுவர்கள் வெற்றியை அவளுக்கே கொடுத்தார்கள். கோச்சம்மா முள்ளுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க பந்துதான் சார்" என்றாள். அவர் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது.

வேனில் வீடு திரும்பும்போது மனைவி கேட்டாள்: "அவளக் கயித்துல சாய்ச்சேனே, எந்தக் கைன்னு பாத்தீங்களா?"

"இடது. பிரமாதம்."

"வலது."

அவள் கியரை மாற்றிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப கண்ண மூடினீங்க?"

"மணி அடிச்சதும்."

"எப்ப தொறந்தீங்க?"

"திரும்ப மணி அடிச்சதும்."

"அப்ப நடுவுல நான் உக்காந்து தண்ணி குடிச்சத மட்டும் பாத்திருக்கீங்க."

"ஒரு வாய் விடாம பாத்தேன்" என்றார் முள்ளு. "ரொம்ப நல்லா குடிச்ச."

வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் அவளால் சிரிக்க முடிந்தது.