பேட்டரிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குச் சித்தப்பாவின் கிரில் பட்டறையில் பொட்டு வைக்கும் வேலை வருடாவருடம் என்னுடையது. அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. டவுணில் எங்கள் தெருவிலேயே இரும்பு அறுக்கும் வயர் இல்லாத கிரைண்டரை முதலில் வாங்கியவர் என்று சித்தப்பாவுக்கு ஏகப் பெருமை. புது மாப்பிள்ளையைத் தாங்குவது போல அதைத் தாங்குவார். இத்தனைக்கும் புது மாப்பிள்ளை ஆகவேண்டியவர் அவர்தான். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பட்டறைக்கு வருவோர் போவோருக்கெல்லாம் ஒரே பாடம்தான். “வயர் மிஷின்னா பிளக்கை உருவினாப் போதும். இதுக்குப் பேட்டரியைக் கழட்டணும் வே. கழட்டாம பிளேடுகிட்ட கையைக் கொண்டுபோனா அவ்வளவுதான்.” கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

பூஜையன்று சாயங்காலம் சாமான்களைத் துடைத்து வெள்ளை வேட்டியில் வரிசையாக அடுக்கினார். கிரைண்டரின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அடுத்து அம்மா வந்தாள். விளிம்பு உடைந்த அகல்விளக்கு ஒன்றைக் கண்டதும் எடுத்து வெளியே போட்டாள்.

“மூளியா இருக்கதைச் சாமிக்கு வைக்கக் கூடாதுட்டி.”

நான் கிரைண்டரைப் பார்த்தேன். பேட்டரி இருந்த இடம் பொக்கையாகத் தெரிந்தது. சித்தப்பா அத்தனை ஆசையாக வாங்கியதை மூளியாக வைக்கலாமா? யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேட்டரியை எடுத்துச் சொருகினேன். டக்கென்று பொருந்திக்கொண்டது. அதற்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். பிறகு அம்மா போட்ட சாமந்தி மாலை அதை முழுக்க மறைத்துவிட்டது.

மறுநாள் காலை பூஜையில் வைத்ததை எடுத்து வேலை தொடங்க வேண்டும். சித்தப்பா முதலில் கிரைண்டரிடம்தான் போனார். மாலையை எடுக்கவில்லை. வலது கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, இடது கைத் துணியால் பிளேடில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தார். பிடியிலிருந்த சுவிட்ச் அழுந்தியது.

துணியோடு கையும் போயிற்று. ஆள்காட்டி விரல் வேட்டியில் கிடந்தது. நடுவிரல் தோலில் தொங்கியது.

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாலையை விலக்கிப் பேட்டரியைப் பார்த்தார். வலது கையால் அதைக் கழற்றி, உடுத்தியிருந்த வேட்டியில் இரண்டு முறை அழுத்தித் துடைத்தார். அதற்குள் அப்பா ஓடி வந்துவிட்டார்.

“ஏலே, ஊருக்கெல்லாம் சொல்லுதியே, ஒனக்குப் புத்தி எங்கலே போச்சு?”

“காலையில நான்தான் மாட்டினேன்ணே. மறந்துட்டேன்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் மாட்டியதை அவர் எப்போதோ கழற்றிவிட்டு, காலையில் அவரே திரும்ப மாட்டியிருக்கிறார். அப்படியானால் இதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நடுவிரலைத் தைத்தார்கள், அது மடங்கவில்லை. ஆள்காட்டி விரல் ஒட்டவேயில்லை. பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. “சொந்தக் கையையே பாத்துக்கத் தெரியாதவருக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்க?” என்றார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

காலையில் அவரே மாட்டியிருந்தால், பேட்டரியில் நான் வைத்த பொட்டை அவர் மறைத்திருக்க வேண்டியதில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அன்று அவர் ரத்தத்தைத் துடைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேட்டரியில் ரத்தம் படவே இல்லை.